முல்லையில் யாருடைய காதல்?

சித்திரைத் திருவிழாவில் அழகர்மலையிலிருந்து புறப்பட்டு வரும் கள்ளழகர், மூன்றுமாவடியில் எதிர்சேவை முடிந்ததும் தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி பெருமாள் கோயிலுக்கு வந்து சேர்கிறார். வைகையில் இறங்குவதற்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை அங்கேதான் அவருக்குச் சாத்தப்படுகிறது. பெரியாழ்வாரின் நந்தவனத்தில் வளர்ந்த ஆண்டாள் ஆயர்குலத்தில் பிறந்தவள் இல்லை. திருப்பாவையின் முப்பது பாட்டுக்காகத் தன்னை ஆய்ச்சியாக்கிக்கொண்டவள். அதே தல்லாகுளத்துத் தமுக்கம் மைதானத்தில்தான் 2017 ஜனவரியில் மாணவர்கள் ஜல்லிக்கட்டுக்காக இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது மேடைதோறும் சான்றாக எடுத்துக் காட்டப்பட்டது கலித்தொகையின் ஏறுதழுவல். ஒரு பக்கம் ஆயர் வாழ்வைக் கனவாகக் கண்ட பக்தை, இன்னொரு பக்கம் கொம்பும் இரத்தமுமாக நிற்கும் காளை. தமிழில் மேய்ச்சல் நிலத்துக் காதல் பாடப்பட்ட இரண்டு விதங்களும் இந்த ஒரே வட்டாரத்தைத் தொட்டுச் செல்கின்றன.

இடையர் காதலைப் பாடும் கவிதை உலகின் பல மொழிகளில் உண்டு. அந்தக் காதல் இலட்சியமா நடப்பா என்ற வழக்கும் கூடவே உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் பிறந்த தியோக்ரிட்டஸ் ஆட்டிடையர் பாட்டை கிரேக்கத்தில் ஓர் இலக்கிய வகையாக்கினார். அவருடைய ஒற்றைக்கண் அரக்கன் பாலிபீமஸ், கடல்கன்னி கலாட்டியாவிடம் காதல் சொல்லும்போதுகூடத் தன்னிடம் இத்தனை ஆடு உண்டு, பாலாடைக்கட்டிக்குப் பஞ்சமில்லை என்று கணக்குச் சொல்கிறான். ரோமானியக் கவி வர்ஜில் பாடியபோது அந்த நிலம் மெல்ல மெல்ல அழகிய ஆர்க்கேடியாவானது. இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் மார்லோவின் இடையன் தன் காதலிக்கு மலர்ப் படுக்கை தருவதாக அழைத்தான். வால்டர் ராலே எழுதியதாகச் சொல்லப்படும் மறுமொழிக் கவிதையில், பூ வாடும், ஆடு பட்டிக்குத் திரும்பும், இளமை போகும் என்று அவள் மறுத்துவிட்டாள். அங்கே கனவு ஒரு கவிதை, நடப்பு அதற்கு வந்த பதில் கவிதை.

தமிழில் அப்படிப் பிரித்து வைக்க முடியாது. காதலைப் பாடும் மரபை வரையறுக்கும் தொல்காப்பியமே நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்ற இரண்டையும் சேர்த்துப் பிசைந்ததுதான் புலனெறி வழக்கம் என்கிறது. புனைந்து இனிமையாக்குவது ஒன்று, உலகத்தில் உள்ளபடி சொல்வது மற்றொன்று. இரண்டும் கலந்த அந்த வழக்கத்துக்குக் கலிப்பாவும் பரிபாட்டும் உரியவை என்றும் அந்நூல் சொல்லிவைக்கிறது. ஆக, எந்தப் பாட்டு இலட்சியம், எந்தப் பாட்டு நடப்பு என்று தேடுவதில் பெரிய பயன் இல்லை. மேய்ச்சல் நிலத்தைப் பாடும் முல்லைப் பாட்டுகளைக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இலட்சியம் யாருடைய வீட்டில் குடியிருக்கிறது, நடப்பு யாருடைய தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது?

முல்லைக்கு மாயோன் தெய்வம், கார்காலமும் மாலையும் பொழுது, இருத்தல் உரிப்பொருள். போனவன் கார்காலத்தில் வந்துவிடுவான், அதுவரை அவள் ஆற்றியிருப்பாள். குறுந்தொகையில் ஓதலாந்தையார் பாட்டொன்றில் கொன்றை பூத்துவிட்டது, காடே கார் வந்துவிட்டது என்று சாட்சி சொல்கிறது. தலைவி மட்டும் நம்ப மறுக்கிறாள். அவர் பொய் சொல்லாதவர், ஆகவே இது கார் ஆக முடியாது என்பது அவள் தர்க்கம். கண்ணெதிரே உள்ள மரத்தைவிடக் காணாத கணவனின் சொல் பெரிது. இலட்சியம் இதற்கு மேல் போக முடியாது. அதே தொகையில் கோவத்தனார் பாடிய இன்னொரு பாட்டில் இந்தத் தர்க்கத்தைத் தோழி கையிலெடுக்கிறாள். அறிவில்லாத கொன்றைகள் வம்பு மழையைக் கார் என்று எண்ணிப் பூத்துவிட்டன என்கிறாள். அவள் சொல்வது பொய் என்பது அவளுக்குத் தெரியும், கேட்பவளுக்கும் தெரிந்திருக்கலாம். முதல் பாட்டில் நம்பிக்கையாக இருந்தது இரண்டாம் பாட்டில் ஆறுதலுக்குச் சொல்லும் பொய்யாக இறங்குகிறது. ஒரே கொன்றை மரம், ஒரே பருவம்.

இந்தக் காத்திருப்பின் பெரிய சித்திரம் நப்பூதனாரின் முல்லைப்பாட்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள். முதிய பெண்கள் நெல்லும் முல்லைப் பூவும் தூவி வணங்கி, ஊர்ப்புறத்தில் விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். அப்போது அவர்கள் காதில் விழுவது ஓர் ஆய்மகளின் பேச்சு. குளிரில் நடுங்கித் தோளைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பெண், தாயைக் காணாமல் அலமரும் கன்றைப் பார்த்து, கோவலர் ஓட்டி வர உன் தாய்மார் இப்போதே வந்துவிடுவார்கள் என்கிறாள். அந்தச் சொல் நற்சொல்லாகி, ஏழுநிலை மாடத்தில் பாவை விளக்கின் சுடரில் படுத்திருக்கும் தலைவியிடம் போய்ச் சேர்கிறது. கவிதைக்கு வேண்டியது அவ்வளவுதான். குளிரில் நின்ற பெண்ணின் வீட்டுக்காரன் எப்போது வந்தான், அவளுக்கும் யாராவது விரிச்சி கேட்டார்களா என்று பாட்டு திரும்பிப் பார்ப்பதில்லை. காத்திருக்கும் சோகம் மாடத்துக்குச் சொந்தம். சகுனம் சொல்லித் தந்தவளுக்குக் குளிர் மட்டும் மிச்சம்.

பாசறையில் இருக்கும் தலைவனோ மனைவியை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. புண்பட்டுப் பிடியை மறந்த யானை, தீனி எடுக்காத குதிரை, தனக்காக மடிந்த வீரர்கள், இவை அவனைத் தூங்கவிடாமல் செய்கின்றன. நப்பூதனார் இந்த நேர்மையைக் காட்டியிருக்காவிட்டால் முல்லைப்பாட்டு வெறும் மாட அலங்காரமாக நின்றிருக்கும்.

சங்கத் தொகைகளில் முல்லைத் தலைவன் பெரும்பாலும் தேர் ஏறிப் போர்த் தொழிலிலிருந்து திரும்புகிறவன். அவன் வரும் வழியில் நிலக்காட்சியின் ஒரு பகுதியாக நிற்பவன்தான் இடையன். ஆனால் அந்த ஓரக் காட்சியில் கவிஞர்கள் காட்டும் துல்லியம் மலைக்க வைக்கிறது. நற்றிணையில் இடைக்காடனார் காட்டும் பால் விற்கும் இடையன், தீக்கடைகோலையும் மற்றத் தட்டுமுட்டுச் சாமான்களையும் தோலோடு சுருட்டிக் கட்டியிருக்கிறான். மழைத் தூறல் உடம்பின் ஒரு பக்கத்தை நனைக்க, கோலை ஊன்றித் தனியாக நின்று சீழ்க்கை அடிக்கிறான். அந்த ஓசை கேட்டு, ஆட்டு மந்தை வேறெங்கும் போகாமல் அங்கேயே தங்குகிறது. பாட்டின் நோக்கம் என்னவோ, நடு இரவில் விருந்து வந்தாலும் மகிழும் மனைவி இருக்கும் வீட்டுக்குத் தலைவன் விரைவதுதான். படித்து முடித்த பிறகு நினைவில் நிற்பதோ அந்த ஒருபக்கம் நனைந்த ஆள். உறையூர் முதுகொற்றனார் குறுந்தொகையில் காட்டும் இடையனும் அப்படியே: ஊருக்குள் பால் கொண்டு வந்து, கூழ் வாங்கிக்கொண்டு, ஆட்டுக்கிடைக்குத் திரும்புகிறான். அவன் தலையில் சூடிய முல்லை அரும்புகளைப் பார்த்துத்தான் தலைவிக்குக் கார் வந்துவிட்டது தெரிகிறது. பஞ்சாங்கமாகப் பயன்படும் அவனுக்கு அந்தப் பாட்டில் காதல் கிடையாது.

ஆய்ச்சியின் கதையும் வேறில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் தலையில் சும்மாடு வைத்து மோர்ப்பானை சுமந்து போய், மோருக்கு நெல் வாங்கி வந்து குடும்பத்தைச் சாப்பிட வைக்கிறாள். நெய்க்குப் பொன் கொடுத்தால் வேண்டாம் என்கிறாள்; எருமையும் பசுவுமாக வாங்கிச் சேர்க்கிறாள். பொன் கன்று போடாது என்று தெரிந்த பெண். முல்லையின் இருத்தலை இவள்மேல் ஏற்றிப் பார்த்தால் பொருந்தவே பொருந்தாது. விடிந்ததும் தயிர் கடைய வேண்டியவளுக்கு மாலைப் பொழுதில் உருகி உட்கார நேரம் ஏது?

இலட்சியமும் நடப்பும் ஒரே கையெழுத்தில் மோதிக்கொள்வதைப் பார்க்க வேண்டுமானால் ஒக்கூர் மாசாத்தியாரிடம் போக வேண்டும். அவருடைய குறுந்தொகைப் பாட்டொன்றில் தலைவியும் தோழியும் முல்லை படர்ந்த மேட்டில் ஏறிப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அந்திப் பொழுதில் ஒரு மணியோசை. ஊருக்குத் திரும்பும் மாடுகளின் கழுத்து மணியா, வேலை முடித்து வில்லேந்திய இளையர் சூழ வருகிறவனின் தேர்மணியா? பாட்டு அந்தச் சந்தேகத்திலேயே நிற்கிறது. வருகிறது தேர்தான் என்று கேட்பவர் மனம் முடித்துக்கொள்கிறது. இதே மாசாத்தியார் புறநானூற்றில் ஒரு மறக்குடிப் பெண்ணைப் பாடினார். அவளுடைய கணவன் ஆநிரையைக் காக்கப் போய் நேற்று விழுந்துவிட்டான். இன்று போர்ப்பறை கேட்டதும், இருக்கும் ஒரே மகனுக்குத் தலைவாரி வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். அகத்தில் மாட்டு மணி நல்ல செய்தி. புறத்தில் அதே மாடு ஆளை விழுங்குகிறது.

இது கவிதையின் கற்பனை மட்டும் இல்லை. வைகைப் படுகையில், தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில் இறந்த ஒருவனுக்கு நட்ட கல். மதுரைக்குள் ஓடிவரும் அதே ஆற்றின் மேல்பகுதியில், மாட்டுக்காக உயிர்விட்டவன் பெயர் கல்லில் இருக்கிறது. அவன் வீட்டில் காத்திருந்தவள் பெயர் எங்கும் இல்லை. முல்லைத் திணையின் தலைவர்கள் தவறாமல் திரும்பி வருவது ஏன் அவ்வளவு அழுத்தமாகப் பாடப்பட்டது என்பதற்கு இந்தக் கற்களும் ஒரு விளக்கம். திரும்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

காத்திருத்தல் முடிந்த பிறகான முல்லையும் உண்டு. ஐங்குறுநூற்றின் கடைசி நூறு பேயனாருடையது. மான் பிணைக்கும் கலைக்கும் இடையில் குட்டி கிடப்பதுபோல் மகனை நடுவில் விட்டுப் படுத்திருக்கும் தம்பதியைச் செவிலி பார்த்து மகிழ்கிறாள். இனிமைதான், கொஞ்சம் தெவிட்டும் இனிமை. கூடலூர் கிழாரின் குறுந்தொகைப் பாட்டு இன்னும் ருசியானது. கட்டித் தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கண்ணில் தாளிப்புப் புகை ஏற, அவள் வைத்த புளிக்குழம்பை அவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. அழுக்கான சேலையை அழகாக்காமலே அன்பைக் காட்டிய அந்தப் பாட்டுக்கு ஈடு சொல்லக்கூடியவை உலக இடையர் கவிதைகளில் அதிகம் இருக்காது.

ஆனாலும் இதெல்லாம் தேர்க்காரன் வீட்டுக் காதல். மாடு மேய்ப்பவனும் மோர் விற்பவளும் தாங்களே தலைவன் தலைவியாக வந்து நிற்க முல்லைக்கலி வர வேண்டியிருந்தது. கலித்தொகையின் 150 பாட்டுகளில் 101 முதல் 117 வரை முல்லைக்கலி. சோழன் நல்லுருத்திரன் பாடியதாக மரபு. கலித்தொகை மற்ற அகத் தொகைகளுக்குப் பிந்தியது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1887-இல் சி.வை. தாமோதரம் பிள்ளை இதை அச்சேற்றினார்.

முல்லைக்கலியின் தொடக்கப் பாட்டுகள் ஏறுதழுவல் களத்தில் நடக்கின்றன. காளையின் கொம்புக்கு அஞ்சுகிறவனை ஆயர்மகள் மறுபிறப்பிலும் தழுவ மாட்டாள் என்ற பெயர்பெற்ற சூளுரை இங்கேதான் வருகிறது. மேடைப் பேச்சாளர்கள் அந்த ஒரு வரியோடு இறங்கிவிடுவார்கள். பாட்டு இறங்குவதில்லை. கொம்பில் சரியும் குடல், மார்பு பிளந்த ஆயன், அதைப் பார்த்து பாஞ்சாலி கூந்தலைத் தொட்டவனின் நெஞ்சைப் பீமன் பிளந்த காட்சியை நினைக்கும் கவி, எல்லாம் அங்கே உண்டு. பிறகு குரவை, பாண்டியனுக்கு வாழ்த்து. வீரத்தை இலட்சியமாக்கியவர் அதன் விலையையும் அதே பாட்டில் எழுதிவைத்தார். இது உண்மையில் நிலவிய திருமண வழக்கமா, கவிதைக்காகப் பெருக்கிச் சொன்னதா என்பதைப் பாட்டுகளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஆனால் களத்தை விட்டு வீட்டுக்குள் வந்ததும் முல்லைக்கலி பேசும் விஷயங்களில் பெருக்கல் ஏதும் இல்லை.

ஒருத்தி மோர் விற்கத் தெருவில் வருகிறாள். ஊர்ப் பெண்கள் கதவை அடைத்துக் கணவன்மாரை உள்ளே காவல் வைக்கிறார்கள். மோர் இல்லாவிட்டால் என்ன, மாங்காய்ப் புளிப்பை ஊற்றிச் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்கிறார்கள். அழகைப் புகழ இதைவிட நகைச்சுவையான வழி உண்டா? அதே சமயம், தெருத்தெருவாகப் போய் விற்கும் பெண்ணை வீட்டுப் பெண் எந்தக் கண்ணால் பார்த்தாள் என்பதும் இதில் பதிவாகிவிடுகிறது. இன்னொரு பாட்டில் வழிமறிப்பவன் தான் ஆட்டு இடையர் மகன் என்கிறான். அப்படியா, எங்கள் ஆட்கள் குடம் நிறையப் பால் கறக்கும் பசுக்களை உடையவர்கள் என்று அவள் மூக்கறுக்கிறாள். வெளியாருக்கு எல்லாரும் இடையர். உள்ளே ஆட்டுக்காரனுக்கும் மாட்டுக்காரனுக்கும் இடையே ஒரு படி உயரம்.

மற்றொருத்தி, காதலன் சூடிய பூவைக் கூந்தலுக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். வெண்ணெய் தடவுவதற்காகத் தாய் கூந்தலை அவிழ்க்க, அப்பாவும் அம்மாவும் பார்க்கப் பூ விழுகிறது. நெருப்பைத் தொட்டவள்போலக் கையை உதறித் தாய் வெளியே போய்விடுகிறாள். வீட்டார் உண்மையைப் புரிந்துகொண்டு அவனுக்கே கொடுக்க முடிவு செய்கிறார்கள். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 114-ஆம் பாட்டின் பெண்ணுக்கு வீட்டில் வேறொருவனோடு கல்யாண ஏற்பாடு. மணல் பரப்பியாயிற்று, செம்மண் பூசியாயிற்று, எருமைப் பெண்ணை வைத்துச் சடங்கும் நடக்கிறது. அவளுக்கோ ஆற்றுமணலில் சிற்றில் கட்டி விளையாடிய நாளில் அவனோடு நடந்துவிட்டதுதான் மணம். சுற்றத்தார் நடத்தும் பெருமணமும் மனசுக்குள் முடிந்துபோன ஒரு மணமும் எதிரெதிரே நிற்கின்றன. இலட்சியமும் நடப்பும் மோதும் இடத்தை ஒரு வீட்டு முற்றத்துக்குள் இவ்வளவு தெளிவாகக் கொண்டுவந்த பாட்டு முல்லையில் வேறு இல்லை என்று சொல்லத் தோன்றுகிறது.

மதுரைக் கோட்டைக்கு வெளியே இருந்த ஆயர்பாடியை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் பயன்படுத்திய விதம் இந்த மோதலை இன்னும் கூர்மையாக்குகிறது. கவுந்தியடிகள் அடைக்கலமாக ஒப்படைத்த கோவலனையும் கண்ணகியையும் மாதரி தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். கண்ணகி சமைத்துப் பரிமாற, கோவலன் சாப்பிடுவதைப் பார்க்கும் மாதரிக்கும் மகள் ஐயைக்கும் அவர்கள் கண்ணனாகவும் நப்பின்னையாகவும் தெரிகிறார்கள். பார்ப்பது ஆய்ச்சியர், பார்க்கப்படுவது வாழ்ந்து கெட்ட வணிகக் குடும்பம். ஆயர்களின் தெய்வக் காதலை இந்த நொந்த தம்பதிமேல் சாத்திப் பார்க்கும் அந்தக் கணத்துக்கு அடுத்துத்தான் கோவலன் சிலம்போடு கிளம்புகிறான். எதிரே திமில் காளை ஒன்று பாய்ந்து வருகிறது. அது தீநிமித்தம் என்று ஆயர் அறிவர்; வணிகனுக்குத் தெரியாது. பாடியில் பால் உறையவில்லை, காளையின் கண்ணில் நீர், உறி வெண்ணெய் உருகவில்லை. தீமை விலக ஆய்ச்சியர் ஏழு பெண்களை நிறுத்திக் குரவை ஆடுகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு காளை, அதை அடக்குகிறவனுக்கு அவள். ஆட்டம் அழகாக முடிகிறது. கோவலன் கொலையுண்ட செய்தி வருகிறது. அடைக்கலம் காக்க முடியாத மாதரி தீயில் புகுகிறாள். சிலம்பில் ஆயர்பாடி கண்ட கனவுக்கு உயிரைக் கொடுத்தவள் ஒரு மோர்க்காரி.

ஆண்டாளிடம் வரும்போது காளையும் கணக்கும் மறைந்து, பாடி முழுவதும் கண்ணனுக்கு ஆகிவிடுகிறது. ஏழு காளையை அடக்கி நப்பின்னையை மணந்தவன் தெய்வமான பிறகு, எந்த மனித ஆயன் போட்டிக்கு வர முடியும்? திருப்பாவையின் சிறுமிகள் மார்கழிக் குளிரில் ஒருவரை ஒருவர் எழுப்பும் பேச்சு முல்லைக்கலியின் கேலிப் பேச்சுக்கு உறவு. ஆனால் 143 பாட்டுள்ள நாச்சியார் திருமொழி வேறு உடம்பு கொண்டது. அங்கே ஏக்கம் நெஞ்சோடு நிற்காமல் முலையும் வளையுமாகப் பேசுகிறது. அதிலேயே திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். காதலில் எண்ணிக்கை சொல்லும் ஆய்ச்சிப் புத்தி அவளுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆய்வுலகமும் இந்த இரண்டு பக்கமாகவே நின்றிருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வ.சுப. மாணிக்கம் ‘தமிழ்க் காதல்’ நூலில் அகத்திணையைப் பெயர் சுட்டாத பொதுமைக் காதலின் இலக்கியமாக விளக்கினார். பி.டி. சீனிவாச அய்யங்கார் ஒவ்வொரு நிலத்தின் காதல் நிலையும் அந்த நிலத்துப் பிழைப்பிலிருந்து பிறந்தது என்றார். கா. சிவத்தம்பி 1974-இல் எழுதிய கட்டுரையில் திணைகளைச் சமமற்ற பொருளாதார வளர்ச்சியின் சுவடுகளாகப் படித்தார். மாணிக்கனாரின் பார்வையில் ஏழுநிலை மாடத்துப் பெண் ஒளிர்கிறாள். சிவத்தம்பி வழியில் போனால் அந்த மாடத்துக்குப் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். பாட்டுகளோ இரண்டு பேரையும் ஒரே மாலைப் பொழுதில் நிறுத்தியிருக்கின்றன. ஒருவரை விட்டு மற்றவரைப் படித்தால் பாதிப் பாட்டுதான் கிடைக்கும்.

காளையின் கதை இன்று வேறு பாதையில் போய்விட்டது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் விதித்த தடை, 2017 போராட்டம், மாநிலச் சட்டத் திருத்தம், 2023 மே மாதம் அதை ஏற்ற தீர்ப்பு என்று வழக்கு ஓய்ந்தது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் தனி அரங்கமே திறக்கப்பட்டது. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் பரிசு கார், பைக், தங்கக் காசு. பெண் பரிசுப் பட்டியலில் இல்லை, நல்லதுதான்.

மேய்ச்சல் காதலின் நடப்பைத் தேடினால் அது வாடிவாசலில் கிடைக்காது, கிடையில் கிடைக்கும். அறுவடை முடிந்த வயல்களில் இரவு ஆடுகளை அடைத்து எருவுக்குக் கூலி வாங்கும் கீதாரிகள் இன்றும் தென்மாவட்டங்களிலிருந்து மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறார்கள். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் அந்த வாழ்க்கையைச் சொல்கிறது. கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவல் அதற்குள் ஒரு காதலை வைக்கிறது. அம்ஷன் குமார் இதை ‘ஒருத்தி’ என்ற படமாக 2003-இல் எடுத்தார். ஆடு மேய்க்கும் எல்லப்பனும், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த செவனியும் தனித்திருந்த நேரத்தில் ஆடுகள் ஒருவர் புஞ்சையில் இறங்கி மேய்ந்துவிடுகின்றன. அழிமானம் யாருடைய ஆட்டால் என்று ஊர் துப்பறிகிறது, விசாரணை வைக்கிறது. காதல் வெளியே தெரிய வந்தது ஆடு தின்ற பயிரின் வழியாக.

முல்லைக்கலியில் கூந்தலிலிருந்து விழுந்த பூவைப் பார்த்த வீட்டார் மனம் இறங்கினார்கள். ஆட்டுக்காரனுக்கும் மாட்டுக்காரிக்கும் நடுவே இருந்த உயரத்தை ஒரு கேலிப் பேச்சால் தாண்ட முடிந்தது. கரிசல் காட்டில் அது நடக்கவில்லை. எல்லப்பனுக்கு அவன் சாதியிலேயே வேறு பெண் பார்த்துக் கல்யாணம் முடிக்கிறார்கள்.